உடம்புக்குள் ஊற்றிய மெழுகு

வாசலின் எப்படி வந்ததுன்னு தேடப் போய் வேறெங்கோ மாட்டிக்கிட்டேன். 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு இளைஞன். காசநோயால் அவனது விதைகளை அகற்றியிருந்தார்கள். காலியான பை நிறைந்த மாதிரி தெரியணும், அவ்வளவுதான் தேவை. கெர்சுனி வாசலினை ஊசி வழியாக உள்ளே செலுத்தினார். பார்க்க நன்றாகவே இருந்ததால் அதைக் கட்டுரையாகவும் எழுதிவிட்டார்.

அப்புறம் கேட்கணுமா? சப்பை மூக்கு, கன்னச் சுருக்கம், சிறிய மார்பகம் என்று எல்லாவற்றுக்கும் வாசலினும் பாரஃபின் மெழுகும் போக ஆரம்பித்தன. கத்தி இல்லை, தையல் இல்லை. ஆனால் இளகிய வாசலின் ரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரலை அடைத்தது. சிலருக்குப் பார்வை போனது. உடனே பெர்லினில் எக்ஸ்டைன் என்பவர், கெட்டி மெழுகு போட்டால் உருகாது, ஓடாது என்றார். எத்தனை டிகிரியில் உருகும் மெழுகு நல்லது என்று மருத்துவர்கள் சண்டை போட்டதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெழுகை உள்ளே விடலாமா என்ற கேள்வியில்தானே தொடங்கியிருக்கணும்!

உடம்பால் மெழுகைச் செரிக்க முடியாது. அதைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து கல் மாதிரி கட்டியாகும். இதற்குப் பாரஃபினோமா என்று பெயர். சில சமயம் இது தெரிய வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் ஊசி போட்டவர் இன்னும் பல பேருக்குப் போட்டிருப்பார்.

கிளாடிஸ் டீக்கன் கதை பிரபலம். பேரழகி என்று பெயரெடுத்த அமெரிக்கப் பெண். கிரேக்கச் சிலை மாதிரி நெற்றியிலிருந்து நேராக இறங்கும் மூக்கு வேண்டும் என்று இருபத்திரண்டு வயசுவாக்கில் மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு மெல்ல நழுவித் தாடைப் பக்கம் இறங்கிவிட்டது. 1921இல் மார்ல்பரோ கோமகனை மணந்தார். பிளென்ஹைம் அரண்மனை முகப்பின் விதானத்தில் வரைந்த அவரது நீலக் கண்கள் இன்னும் இருக்கு.

மெழுகு ஓய்ந்த இடத்தில் திரவ சிலிக்கோன் வந்தது. மின்மாற்றிகளில் பயன்படுகிற சரக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் மார்பகத்துக்கு ஏற்றினார்கள். நழுவாமல் இருக்க எண்ணெய்களைக் கலந்து, வேண்டுமென்றே தழும்பு உண்டாக்கியிருக்கிறார்கள்! 1964இல் சான் ஃபிரான்சிஸ்கோ நடனக்காரி கேரல் டோடா இதைப் போட்டுக்கொண்டு பெரும்புகழ் பெற்றார். லாஸ் வேகாஸ் நடனக்காரிகள் பலரும் போட்டுக்கொண்டார்கள். கட்டி, புண், மார்பகத்தையே எடுக்கும் நிலை என்று வரிசையாக வந்தபின் 1970களில் நெவாடா மாநிலம் இதைத் தடை செய்தது.

இப்போது இடுப்பும் பிட்டமும். முகத்துக்குப் போடும் ஹயலூரோனிக் அமில ஃபில்லர் சில மில்லிலிட்டர்தான். தவறாகப் போனால் கரைக்க மருந்தும் உண்டு. பிட்டத்துக்கு அந்த அளவு எந்த மூலைக்கு? அதனால் ஓட்டல் அறைகளில் உரிமம் இல்லாதவர்கள் சிலிக்கோனை ஏற்றுகிறார்கள். உடலைப் பெரிதாக்க எந்த ஊசி ஃபில்லருக்கும் அனுமதி இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. ‘மெடிக்கல் கிரேடு’ன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. எந்த கிரேடா இருந்தாலும் சிரைக்குள் புகுந்தால் நேராக இதயம், அங்கிருந்து நுரையீரல். தப்பிப் பிழைத்தாலும் சதையோடு இழையிழையாகப் பரவிய சிலிக்கோனைத் தனியாக உறிஞ்சி எடுக்க முடியாது. சதையையும் சேர்த்தே வெட்டணும்.