எலும்புக்கூட்டுக் கரைக்கு லாரியில் போன கதை

மணல்ல வண்டி மாட்டிக்கிட்டா நாம முதல்ல என்ன செய்வோம்? ஆக்சிலேட்டரை இன்னும் நல்லா மிதிப்போம். சக்கரம் சுத்தும், மணல் பின்னாடி பறக்கும், வண்டி மட்டும் அச்சு வரைக்கும் கீழே இறங்கும். அவசரப்பட்டா புதைவோம் என்பதுதான் மணல் சொல்லித் தரும் முதல் பாடம். இதே பாடத்தை ஒரு கப்பல், ஒரு இழுவைக் கப்பல், ஒரு குண்டுவீச்சு விமானம், ஒரு லாரி வரிசை எல்லாம் சேர்ந்து கத்துக்கிட்ட கதை ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தது. இன்னிக்கு எழுதிடறேன்.

இடம்: ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரை. இன்னிக்கு நமீபியா. அன்னிக்குப் பெயர் தென்மேற்கு ஆப்பிரிக்கா. ஜெர்மனியின் காலனியாக இருந்ததை முதல் உலகப் போரில், 1915ல், தென்னாப்பிரிக்கப் படை பிடித்தது. அதுக்கப்புறம் 1990ல் சுதந்திரம் கிடைக்கும் வரை தென்னாப்பிரிக்க ஆட்சிதான்.

இந்தக் கரையைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடணும். கடலில் பென்குவேலா என்று ஒரு குளிர் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுது. அதுமேல வர்ற காத்து குளிர்ந்து மூடுபனியா மாறுது, ஆனா மழையா மாறமாட்டேங்குது. கடல் பக்கத்துலயே இருக்கு, வருஷத்துக்குப் பெய்யற மழையோ பத்து மில்லிமீட்டர் அளவுதான். முன்னாடி போகும் கப்பலுக்குக் கரை தெரியாது. தட்டித் தப்பிச்சுக் கரையேறினவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பின்னாடி பார்த்தா நமீப் பாலைவனம். அலை பலமா அடிப்பதால, கரைக்கு வந்த படகு திரும்பவும் கடலுக்குள்ள போக முடியாது. உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. பத்ம வியூகம்தான், போங்க!

சரி, மேட்டருக்கு வருவோம்.

*

1942 நவம்பர். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில். லிவர்பூலில் இருந்து 'டனீடின் ஸ்டார்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் போர்த் தளவாடங்களோட மத்தியக் கிழக்குக்குப் புறப்படுது. மத்தியத் தரைக்கடல் வழியா போக முடியாத காலம், அதனால ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டுப் போகணும். கப்பலில் மொத்தம் 106 பேர். அதில் 21 பேர் பயணிகள்.

நவம்பர் 29 இரவு, குனேனே ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, கப்பல் அடியில் எதிலோ இடித்தது. தண்ணீர் உள்ளே வர ஆரம்பிச்சதும், நடுக்கடலில் மூழ்கறதை விடக் கரையில் ஏத்திடலாம்னு கேப்டன் முடிவு பண்ணினார். சரியான முடிவுதான். கரைக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் கப்பல் தரை தட்டி நின்னது.

கப்பலில் இருந்த மோட்டார் படகில் ஆட்களைக் கரைக்கு இறக்கினாங்க. 63 பேர் கரையேறினப்போ படகு உடைஞ்சு போச்சு. எட்டுப் பெண்களும் மூணு கைக்குழந்தைகளும் இந்த 63க்குள்ள அடக்கம். மிச்சம் 43 பேர் கப்பலிலேயே. வயர்லெஸ்ஸில் உதவி கேட்டதால பல பக்கத்திலிருந்தும் கப்பல்கள் வந்தன. கப்பலில் இருந்த 43 பேரையும் வேற கப்பல்கள் எப்படியோ ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

கவனிங்க, தப்பிச்சுக் கரைக்கு வந்தவங்கதான் மாட்டிக்கிட்டாங்க. மூழ்கற கப்பலில் இருந்தவங்க முதலில் வீடு போய்ச் சேர்ந்தாங்க.

*

இதுக்கப்புறம் நடந்ததெல்லாம், காப்பாத்தப் போனவனைக் காப்பாத்தப் போன கதை.

முதலில் 'சர் சார்ல்ஸ் எலியட்' என்ற இழுவைக் கப்பல். வால்விஸ் பே துறைமுகத்தில் இருந்து உதவிக்கு வந்தது. திரும்பிப் போகும் வழியில், டிசம்பர் தொடக்கத்தில், ராக்கி பாயின்ட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் அதுவும் தரை தட்டியது. கரை சேரும் முயற்சியில் ரெண்டு பேர் இறந்து போனாங்க. ஒருத்தர் முதல் அதிகாரி ஆங்கஸ் மெக்கின்டயர். இன்னொருத்தர் மத்தியாஸ் கொராசெப், அந்த மண்ணைச் சேர்ந்த மாலுமி. இந்த ரெண்டு பேரை மனசுல வெச்சுக்கங்க, திரும்பி வருவோம்.

அடுத்தது விமானம். தென்னாப்பிரிக்க விமானப் படையின் கேப்டன் நௌடே, வென்ச்சுரா என்ற ரெட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் வந்து கரையில் இருந்தவங்களுக்குத் தண்ணீரும் உணவும் போட்டார். கீழே பெண்களும் குழந்தைகளும் நிக்கறதைப் பார்த்துட்டுச் சும்மா திரும்பிப் போக மனசு வரலை. இறங்கி அவங்களை ஏத்திக்கிட்டுப் போயிடலாம்னு நினைச்சார். இறங்கவும் இறங்கினார். திரும்பக் கிளம்பும்போது சக்கரம் மணலில் புதைஞ்சுது. இப்போ கரையில் சாப்பாட்டுக்கு இன்னும் சில வாய்கள் கூடுதல்!

கடலும் ஆகாயமும் கைவிட்டாச்சு. மிச்சம் இருந்தது தரை.

*

விண்ட்ஹோக் நகரத்தில் இருந்து போலீஸ் கேப்டன் ஸ்மித் தலைமையில் ஒரு லாரி வரிசை கிளம்பியது. தூரம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். முதல் பாதிக்கு ரோடுன்னு சொல்லிக்க ஏதோ இருந்தது. அதுக்கப்புறம் காவோகோவெல்ட் என்ற மலைக்காடு. பாறை, காய்ந்த ஆறு, திரும்பவும் பாறை. அதையும் தாண்டினா மணல்.

'அங்கே பாதையே இல்லை' என்றுதான் வழக்கமா எழுதுவாங்க. எனக்கு அதில் ஒரு சின்ன ஆட்சேபணை உண்டு. மோட்டார் வண்டிக்குத்தான் பாதை இல்லை. ஹிம்பா, ஹெரெரோ மக்கள் மாடு ஓட்டிக்கிட்டுப் போகும் வழிகள் காவோகோவெல்டில் காலங்காலமா இருந்தன. ஹோவாருசிப், குமிப், ஹோவானிப் மாதிரி ஆறுகள் வருஷத்தில் சில நாள்தான் ஓடும். மத்த நாளெல்லாம் அந்த ஆத்துப் படுகைதான் ராஜபாட்டை. யானைகூட அதுவழியாத்தான் பாலைவனத்துக்குள்ள வரும். எங்கே ஊற்று இருக்கு, எங்கே நிழல் இருக்கு என்பதைக் காலால எழுதி வெச்ச வரைபடம் அது. கடலை நோக்கிப் போற எந்த வண்டிக்கும் அந்த ஆத்து வழிகளை விட்டா வேற கதி இல்லை.

இந்த மாதிரி இடத்தில் வண்டி ஓட்டறது எப்படின்னு கொஞ்சம் பார்ப்போம். பாறையில் டயர் கடினமா இருக்கணும், இல்லைன்னா கல் கிழிச்சிடும். மணலில் தலைகீழ். டயரில் பாதிக் காத்தை இறக்கிடணும். டயர் சப்பையாகி, தரையைத் தொடும் பரப்பு நீளும். எடை பரவும், மணல் தாங்கும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி. பாறை, மணல், பாறைன்னு மாறி மாறி வந்தா? இறக்கு, கைப் பம்ப்பால அடி, இறக்கு, திரும்ப அடி. அந்த வெயிலில்! அதிகாலையில் மூடுபனி ஈரத்தில் மணல் இறுகி இருக்கும், அப்போ ஓட்டறது உத்தமம். கடலோரமா போனா, அலை வாங்கின நேரத்தில் ஈர மணல் மேல ஓட்டலாம். ஆனா ஒரு பக்கம் மணல்மேடு, ஒரு பக்கம் கடல். அலை திரும்பி வந்தா ஒதுங்க இடம் இருக்காது.

எல்லாத்தையும் விட மோசம் உப்பளத் தரை. மேலே பார்க்க சிமென்ட் போட்ட மாதிரி இருக்கும். ஓடு உடைஞ்சா உள்ளே சேறு. மணலில் மாட்டின வண்டியைத் தோண்டி எடுக்கலாம். சேத்தில் தோண்டத் தோண்ட இன்னும் கீழ போகும்.

ஒரு விநோதம் பாருங்க. இந்தக் கலையைப் பத்து வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கத்துத் தேர்ந்து வெச்சிருந்தார். ரால்ஃப் பாக்னால்ட், பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு காரை ஓட்டி ஓட்டி, டயர் காத்தைக் குறைப்பது, சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடு, சூரியன் நிழலை வெச்சுத் திசை பார்க்கும் கருவி எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்தவர். மணல் எப்படி நகருதுன்னு 1941ல் ஒரு பௌதிகப் புத்தகமே எழுதினார். 1940ல் எகிப்தில் அவர் ஆரம்பிச்ச பாலைவனப் படைப்பிரிவு இந்த வித்தையை வெச்சுத்தான் போர் பண்ணியது. டனீடின் ஸ்டார் போய்ச் சேர வேண்டிய இடமும் அந்தப் பக்கம்தான்!

*

ஸ்மித்தின் லாரிகள் புதைஞ்சு, தோண்டி, நகர்ந்து, திரும்பப் புதைஞ்சு ஒருவழியாக் கரைக்கு வந்து சேர்ந்தன. அதுக்குள்ள 'நெரைன்' என்ற கடற்படைக் கப்பல், கரையில் இருந்தவங்களில் ஒரு பகுதியினரை அலைக்கு நடுவே இழுத்து ஏத்திக்கிட்டுப் போயிருந்தது. மிச்சப் பேரை லாரியில் ஏத்திக்கிட்டு அதே வழியில் திரும்பினாங்க. அவங்க விண்ட்ஹோக் வந்து சேர்ந்தது டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கப்பல் தட்டி 25 நாள் ஆயிருந்தது. கைக்குழந்தைகள் உட்பட 106 பேரில் ஒருத்தர்கூட சாகலை.

இதோட முடிஞ்சிருந்தா சுபம் போட்டிருக்கலாம். அந்த விமானம் இருக்கே! போர்க்காலத்தில் ஒரு வென்ச்சுராவை மணலில் விட்டுட்டு வர முடியுமா? அதை மீட்க இன்னொரு லாரி வரிசை, அதே பாதை, அதே புதையல். 1943 ஜனவரியில் தோண்டி எடுத்து, ஓட வழி செஞ்சு, நௌடே அதைக் கிளப்பியே விட்டார். 43 நிமிஷம் பறந்தது. அப்புறம் எஞ்சின் கோளாறு, கடலில் விழுந்துது. உள்ளே இருந்தவங்க உயிரோட கரையேறி, நடந்து போய், எந்த லாரிகள் தங்களைக் கிளப்பி விட்டுதோ அதே லாரிகளைத் தேடிப் பிடிச்சு ஏறிக்கிட்டாங்க.

சிரிக்கத் தோணுது இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான். கடைசியில் எல்லாரையும் விட மெதுவாப் போன லாரிதான் போன வேலையை முடிச்சுட்டுத் திரும்பி வந்தது.

ஆனா கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. ஆபத்தில் இருந்த 106 பேரும் பிழைச்சாங்க. செத்தது ரெண்டு பேர், ரெண்டு பேருமே காப்பாத்தப் போனவங்க. தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ஜான் மார்ஷ் 1944ல் இந்தச் சம்பவத்தைப் புத்தகமா எழுதினார். தலைப்பு 'ஸ்கெலிட்டன் கோஸ்ட்', அதாவது எலும்புக்கூட்டுக் கரை. அந்தப் பெயர் உலகம் பூரா பரவினதில் அதுக்குப் பெரிய பங்கு. இன்னிக்குச் சுற்றுலா விளம்பரத்தில் எல்லாம் பேர் போட்ட கரை அது. மத்தியாஸ் கொராசெப் என்ற பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பாங்க? ராக்கி பாயின்ட் பக்கம், யாரும் லேசில் போக முடியாத இடத்தில், அந்த ரெண்டு பேருக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. அவ்வளவுதான்.

*

இன்னிக்கு அந்தக் கரை தேசியப் பூங்கா. 1971ல் அறிவிச்சாங்க. தெற்கிலிருந்து உப்பும் ஜிப்சமும் கலந்து இறுக்கின ரோடு ஒண்ணு கடலோரமா வருது. சொந்த வண்டியில் டெரஸ் பே வரைக்கும் போகலாம். அதுக்கு வடக்கே, நம்ம கதை நடந்த இடங்களுக்கு, அனுமதி பெற்ற குழுக்களோட மட்டும்தான், பெரும்பாலும் சின்ன விமானத்தில். பூங்காவுக்குள் ரோட்டை விட்டு வண்டியை இறக்கக் கூடாது என்பது சட்டம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அந்தச் சரளைத் தரையில் மழை கிடையாது, அழிக்க ஆளும் கிடையாது. ஒரு தடவை சக்கரம் பட்டா, தடம் பல பத்தாண்டுகள் அப்படியே நிக்கும். பனியைக் குடிச்சு வளர்ற லைக்கன்கள் நசுங்கினா திரும்பி வர ஒரு தலைமுறைக்கு மேல ஆகும். 1942ல் 63 உயிருக்காகப் பதிஞ்ச தடத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. நம்ம ஜாலிக்காகப் பதியற தடத்துக்கு என்ன நியாயம்னு யோசிச்சா, அந்த சட்டம் சரின்னுதான் படுது. (வண்டி ஓட்ட ஆசை இருக்கறவங்க திட்டாதீங்க, எனக்கும் ஆசை உண்டு :-))

கொசுறு: இந்தக் கரை இன்னமும் கப்பல் பிடிக்குது. 2008ல் 'ஸைலா' என்று ஒரு பழைய மீன்பிடிக் கப்பல் ஹென்டீஸ் பே ஊருக்குத் தெற்கே கரை ஒதுங்கியது. உடைச்சு இரும்பா விக்க ஒரு இந்தியக் கம்பெனி வாங்கி, பம்பாய்க்கு இழுத்துக்கிட்டு வந்தப்போ கயிறு அறுந்து போச்சாம். நம்ம ஊருக்கு வர வேண்டியது, அங்கே நீர்க்காகங்களுக்கு வீடு ஆயிடுச்சு.