தச்சன் பெயரில் வந்த வேற்றுகிரகவாசி

1951 செப்டம்பரில் வெளிவந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி. சுட்டுக் கொல்லப்பட்ட வேற்றுகிரகவாசி கிளாட்டுவின் உடலை அவனுடைய ரோபோ கோர்ட் தூக்கிவந்து, விண்கலத்துக்குள் ஒரு கருவியில் கிடத்தி உயிர்ப்பிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் ஹெலன் திகைத்துப்போகிறாள். உயிர், சாவு ரெண்டுமே இந்த ரோபோவின் கையிலா இருக்கிறது என்று கேட்கிறாள். இல்லை, அந்த வல்லமை சர்வவல்ல ஆவிக்கு மட்டுமே உரியது என்கிறான் கிளாட்டு. இந்தச் சிகிச்சை கொஞ்ச காலத்துக்குத்தான் உயிரைத் திருப்பித்தரும், எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

முதல்முறை பார்த்தபோதே இந்த வசனம் என்னை உறுத்தியது. அதுவரை அரசியலும் விஞ்ஞானமுமாகப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று பாதிரியார் மாதிரி பேசுகிறானே! அப்புறம் படத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது ஹாலிவுட்டின் தணிக்கை அலுவலகம் வற்புறுத்திச் சேர்க்க வைத்த வசனம்.

கதையை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்வோம். வானத்திலிருந்து ஒருவன் வாஷிங்டன் நகரத்தில் வந்து இறங்குகிறான். சமாதானத்துக்காக வந்ததாகச் சொல்லி ஒரு பரிசை நீட்டும்போதே, பதறிப்போன சிப்பாய் ஒருவன் அவனைச் சுட்டுவிடுகிறான். ராணுவ மருத்துவமனையிலிருந்து தப்பி, ஒரு மேஜரின் உடையைப் போட்டுக்கொண்டு, சாதாரண ஜனங்களோடு ஒரு விடுதியில் தங்குகிறான். அந்த உடையின் சலவைச் சீட்டில் இருந்த பெயரையே தன் பெயராகச் சொல்லிக்கொள்கிறான்: கார்ப்பெண்டர். அதாவது, தச்சன். அவனோடு நெருக்கமாகப் பழகுவது ஒரு பெண்ணும், அவளுடைய சின்னப் பையனும், ஒரு வயதான விஞ்ஞானியும்தான். ஹெலனைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவன் அவனைக் காட்டிக்கொடுக்கிறான். கொல்லப்படுகிறான், உயிர்பெறுகிறான், கூடியிருப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டு வானத்துக்குத் திரும்பிப் போகிறான். ஞாயிறு பள்ளிக்கு நாலு வாரம் போன பிள்ளைக்குக்கூட இந்த வரிசை தெரியும்.

ஆனால் இயக்குநர் ராபர்ட் வைஸ், பிறர் எடுத்துச் சொல்லும்வரை இது தனக்குத் தோன்றவே இல்லை என்று பின்னாளில் சொன்னார். திரைக்கதை எழுதிய எட்மண்ட் நார்த்தோ, இது தன்னுடைய அந்தரங்கமான குறும்பு, வெளிப்படையாகத் தெரிய வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளரிடமும் இயக்குநரிடமும் வாய்திறக்கவில்லை என்றார். ஹாரி பேட்ஸ் 1940-ல் எழுதிய மூலக்கதையில் இந்தத் தச்சன் விவகாரம் கிடையாது. அதில் கிளாட்டு ஆரம்பத்திலேயே செத்துவிடுகிறான். உண்மையான எஜமான் ரோபோதான் என்பது அந்தக் கதையின் கடைசித் திருப்பம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மறைத்து வைத்ததைக் கண்டுகொண்டது தணிக்கை அலுவலகம். அது தற்செயல் இல்லை. 1930-ல் உருவான ஹாலிவுட் தயாரிப்பு நெறிமுறையை எழுதிய இருவரில் டேனியல் லார்ட் இயேசு சபைத் துறவி, மார்ட்டின் குவிக்லி கத்தோலிக்கப் பத்திரிகை அதிபர். 1934-லிருந்து அதை அமல்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கர். செத்தவனை ஒரு இயந்திரம் எழுப்புவதை அவர்கள் சும்மா விட்டுவிட மாட்டார்கள். அதனால் அந்த வசனம் வந்தது.

இறையியல் கண்ணோடு பார்த்தால் கெட்டிக்காரத்தனமான திருத்தம்தான். நற்செய்தியில் லாசருவும் உயிரோடு எழுந்து வருகிறான், ஆனால் அவன் மறுபடியும் சாக வேண்டியவன். கிறிஸ்துவின் உயிர்ப்பு அப்படிப்பட்டதல்ல, அவர் மேல் சாவுக்கு இனி அதிகாரம் இல்லை என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. ‘கொஞ்ச காலத்துக்குத்தான்’ என்ற ஒரே சொல்லில் கிளாட்டுவைக் கிறிஸ்துவின் இடத்திலிருந்து இறக்கி, லாசருவின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கூடவே, யாரும் திட்டமிடாத இன்னொன்றும் நடந்தது. அந்த வசனத்தால் ஏலியன் ஒரு விசுவாசி ஆகிவிட்டான். வேற்றுலகத்திலும் கடவுளை அறிந்தவர்கள் உண்டு என்று ஹாலிவுட் படம் ஒன்று போகிற போக்கில் சொல்லிவிட்டது.

கிறிஸ்தவத்துக்குள் இது பழைய கேள்வி. 15-ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் வோரிலாங் என்ற பிரான்சிஸ்கன் துறவி, வேறு உலகங்கள் இருந்தால் அங்குள்ளவர்களையும் இந்தப் பூமியில் நடந்த ஒரே மரணம் மீட்குமா என்று யோசித்தார். மீட்கும், கிறிஸ்து இன்னொரு உலகத்துக்குப் போய் மறுபடி சாவது பொருத்தமில்லை என்பது அவர் முடிவு. 1794-ல் தாமஸ் பெயின் இதையே கேலிக்கு எடுத்துக்கொண்டார்: அப்படியானால் தேவகுமாரன் உலகம் உலகமாகப் போய்ச் செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? 1958-ல் சி.எஸ். லூயிஸ் கேள்வியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அவர்களுக்குப் பகுத்தறியும் ஆன்மா உண்டா? உண்டென்றால், நம்மைப் போல வீழ்ந்தவர்களா? வீழ்ந்திருந்தால், அவர்களுக்கான மீட்பு வேறு வழியில் வருமா? நட்சத்திரங்களுக்கு இடையேயான தூரம், நம் நோய் மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்கக் கடவுள் போட்ட தடுப்பாகக்கூட இருக்கலாம் என்றும் சொன்னார்.

லூயிஸின் கேள்விகளை வைத்துக்கொண்டு கிளாட்டுவின் கடைசிப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் பூரணர்கள் இல்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால் எங்களிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது, அது வேலை செய்கிறது என்கிறான். அந்த ஏற்பாடு கோர்ட் மாதிரியான ரோபோக்களின் காவல் படை. வன்முறையைக் கண்டால் தண்டிக்கும் முழு அதிகாரத்தை அவற்றிடம் கொடுத்துவிட்டார்கள், அதைத் திரும்ப வாங்கவும் முடியாது. உங்கள் சண்டையை வெளியே கொண்டுவந்தால் இந்தப் பூமி சாம்பலாகும் என்று எச்சரித்துவிட்டுக் கிளம்புகிறான்.

ஹெலன் கேட்டது உயிரைப் பற்றி மட்டுமில்லை, சாவைப் பற்றியும்தான். உயிர் கொடுக்கும் வல்லமை கடவுளுக்கே உரியது என்று படம் பயபக்தியோடு சொன்னது. கொஞ்ச நேரத்திலேயே ஒரு உலகத்தையே கொல்லும் வல்லமையை இயந்திரத்தின் கையில் கொடுக்கிறது. அங்கே சர்வவல்ல ஆவியின் பெயர் வரவில்லை. மூலக்கதையில் எஜமானாக இருந்த ரோபோ, பக்தி வசனத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு இன்னமும் எஜமானாகவே இருக்கிறது.

1949-ல் சோவியத் யூனியன் அணுகுண்டை வெடித்துப் பார்த்திருந்தது. 1950-ல் கொரியப் போர் ஆரம்பித்துவிட்டது. அந்தச் சூழலில் இந்த எச்சரிக்கை நியாயமாகவே பட்டிருக்கும். பயம்தான் அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்த மொழி. ஆனால் மலைப்பொழிவில் இப்படி ஒரு மிரட்டல் கிடையாது. கெத்சமனேயில் வாளை உறையில் போடச் சொன்னவரோடு கிளாட்டுவை ஒப்பிடும்போது, பெயர்ப் பொருத்தத்தையும் வானேற்றத்தையும் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

1982-ல் ‘ஈ.டி.’ வந்தபோதும் அந்த எண்ணிக்கை நடந்தது. ஒளிரும் இதயம், சாவு, உயிர்த்தெழல், வானத்துக்குப் போவது, போஸ்டரில் மைக்கலாஞ்சலோவின் ஆதாமை ஞாபகப்படுத்தும் விரல்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் யூத முறைப்படி உணவகம் நடத்தும் என் அம்மாவிடம் போய், கிறிஸ்தவ உவமை ஒன்றைப் படமாக எடுத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்ற தொனியில் ஸ்பீல்பெர்க் அதைச் சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்தார். ஆனாலும் எனக்கு ஈ.டி.தான் நற்செய்திக்குக் கூடுதல் நெருக்கமாகத் தெரிகிறது. அதன் பின்னால் படை இல்லை. துரத்தப்படுகிறது, நோயில் விழுகிறது, ஒரு பையனின் வலியைத் தன் வலியாக உணர்கிறது.

பிரீனின் அலுவலகம் காவல் காத்தது கல்லறையின் வாசலை. கோர்ட் நின்றுகொண்டிருந்ததோ விண்கலத்தின் வாசலில். மதக் குறியீட்டைத் தேடிப் படம் பார்க்கும் நாமும் பெரும்பாலும் அந்த அலுவலகத்தைப் போலவே யார் எழுந்தார், யார் மேலே போனார் என்று பட்டியல் போடுகிறோம். மேலே போகிறவன் கீழே எதை விட்டுவிட்டுப் போகிறான் என்று பார்ப்பதே இல்லை.