சான்யுவான்லி மழையும் சென்னைச் சிப்பாய்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்களை ஆராய்வோர் படைத்தலைவரின் சூழ்ச்சித் திறத்தையும் படைத்தொகையையும் விரித்துரைப்பர். மழையையோ தற்செயலெனக் கூறிக் கடந்து செல்வர். அது பொருந்தாது என்பதற்கு முதல் அபினிப் போரின் சிறு நிகழ்ச்சியொன்று சான்றாகும். இடம், சீனத்துக் காண்டன் நகரின் வடபாலுள்ள சான்யுவான்லி. நாள், 1841 மே 30. அதில் சிக்குண்டோர் சென்னைப் படையின் 37ஆம் காலாட்பிரிவினர் ஆதலின் நமக்கு அஃது அயலானதன்று.

காண்டன் மேடுகளைக் கைக்கொண்டிருந்த தளபதி கஃப் என்பாரின் படையை எதிர்த்து ஊர்மக்கள் பெருந்திரளாகக் கூடினர். இடியுடன் பெருமழை பெய்தது. ஏறத்தாழ அறுபது சிப்பாய்கள் கொண்ட கம்பெனியொன்று நீர் நிறைந்த வயல்களிடையே வழிதவறித் தனித்து நின்றது. அவர் கையிலிருந்தவை சக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் துப்பாக்கிகள். அவற்றில் கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறி, திறந்த கிண்ணத்திலுள்ள மருந்தில் விழவேண்டும். மருந்து நனையின் பொறியால் பயனில்லை. காகிதத் தோட்டா ஊறின் குழலும் அடைபடும்.

ஆயின் மழை ஒரு திறத்தாரை மட்டுமோ தாக்கியது? ஊர்மக்களிடம் துப்பாக்கி மிகுதியாக இல்லை. நீண்ட ஈட்டியும் கொக்கி பொருத்திய கழியுமே அவர்தம் படைக்கலம். அவற்றை மழை என்செய்யும்? சுடுதல் ஒழிந்தபின் துப்பாக்கிமுனைக் கத்தியினும் ஈட்டியே நீளமாயிற்று. சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நின்றனர். கொக்கியால் இழுக்கப்பட்ட ஒருவரின் துப்பாக்கியைக் கைப்பற்றிய சீனர் ஒருவர், கிண்ணத்தில் புதுமருந்திட்டுத் தம் கனல்திரியால் பற்றவைத்து இளம் அதிகாரி ஒருவரின் கையில் சுட்டார் என்பர். கல் தோற்றவிடத்துப் பழைய திரி வென்றது வியப்பே. சிப்பாய்களும் வாளாவிருந்திலர், தலைப்பாகையின் நனையாத உள்துணியைக் கிழித்துக் குழலைக் கழுவித் துடைத்துச் சிலமுறை சுட்டனர்.

இறுதியில் அவர்களை மீட்டோர் கடற்படை வீரர். அவர்தம் துப்பாக்கியில் கல் இல்லை. அடிபட்டால் வெடிக்கும் மருந்தடங்கிய சிறு செப்புத் தொப்பி அதன் வேலையைச் செய்தது. அதனை மழை எளிதில் அணுகாது. 1834இல் ஊல்விச்சில் நிகழ்ந்த சோதனையில் 6,000 முறை சுட்டபோது கல் துப்பாக்கி 922 முறை தவறியது. தொப்பித் துப்பாக்கி 36 முறையே தவறியது. ஆகவே ஏழாண்டுகளுக்கு முன்னரே குறை எண்ணிக்கையாக அறியப்பட்டிருந்தது. ஒரே போர்க்களத்தில் கடற்படை வீரர் கையில் புதியதும் சிப்பாய் கையில் பழையதும் இருந்தமை வானத்தின் செயலன்று என்பது எம் கருத்து.

சீன வரலாற்றாசிரியர் இதனை மக்கள் எழுச்சியின் வெற்றியென்பர். ஆங்கிலேயர் சிப்பாய்களின் கட்டுப்பாட்டைப் புகழ்வர். இரண்டும் உண்மையே. எனினும் படைக்கலச் சாலையின் பங்கினை இரு சாராரும் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தோன்றவில்லை. ஆங்கிலேயர் கணக்கின்படி அன்று அக்கம்பெனியில் மாண்டவர் ஒருவர், காயமுற்றோர் பலர்.