கிட்டங்கியும் பேரேடும்
பினாங்கு நகரத்தார் கையாண்ட தகவல் முறை

வாணிகத்திற்கு இன்றியமையாதன யாவை என வினவினால் முதல், சரக்கு, ஆள், இடம் என விடை கூறுவர். இந்நான்கினையும் ஒன்றோடொன்று பிணைப்பதாகிய ஐந்தாவது ஒன்று உண்டு. அது செய்தி. எவரிடம் எவ்வளவு நிற்கிறது, எது என்று திரும்பும், எவர் கை நொடித்துவிட்டது என்று அறியாதவனிடம் முதல் நெடுநாள் தங்காது. இந்நாளில் வாணிகக் கல்வி பயில்வோர் இதனைத் ‘தகவல் முறைமை’ என்ற தலைப்பில் தனிப் பாடமாகவே பயில்கின்றனர். பாடநூல்கள் பலவும் கணினியிலிருந்தே தொடங்குதலின், கணினி வருவதற்கு முன் இத்தகைய முறை இருந்ததில்லை என்னும் எண்ணம் மாணாக்கர் நெஞ்சில் எளிதிற் படிந்துவிடுகிறது. அவ்வெண்ணம் பிழையானது என்பதற்குப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், பினாங்கு வீதியிலேயே சான்று உண்டு.

முதலில் சொல்லை விளக்கிக் கொள்ளுதல் நன்று. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே குறித்து வைப்பது தரவு. (கலிப்பாவின் முதல் உறுப்பாக யாப்பு நூலார் அறிந்த சொல், இன்று கணக்கியலாரிடம் வந்து புதுப்பொருள் பெற்றிருக்கிறது.) அத்தரவைத் தொகுத்து, வகுத்து, முடிவெடுப்பவர் கைக்கு உரிய காலத்திற் சேர்ப்பது தகவல். யார் எழுதுவது, எதில் எழுதுவது, எப்போது எழுதுவது, யாருக்கு அனுப்புவது, யார் சரிபார்ப்பது என்னும் இவ்வைந்தும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பின் அது முறைமை. இயந்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவ்வரையறை மாறுவதில்லை.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய பிறகு அத்தீவு வங்கக் கடல் வாணிகத்தின் பெருஞ்சந்தையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்குக் கால்கொண்டனர். தண்ணீர்மலைத் தண்டாயுதபாணி கோயில் 1857ஆம் ஆண்டினது. தைப்பூசத்திற்கு முருகன் பவனி வரும் வெள்ளித்தேர் 1894இல் தமிழகத்திலிருந்து வந்தது. அத்தேர் புறப்படும் கோயில் வீடு பினாங்கு வீதியில் உள்ளது. பொருள் தேடிக் கடல் கடப்பதை அவர்கள் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்றனர். விற்கக் கொண்டுசென்ற சரக்கு பெரும்பாலும் பணமே. ஈயச் சுரங்கம் தோண்டிய சீனர், ரப்பர்த் தோட்டம் வைத்த சிறு நிலக்காரர், நிலமுடைய மலாய்க்காரர், கடை வைத்த தமிழர் ஆகிய பலரும் அவர்களிடம் கடன் பெற்றனர். சார்ட்டர்ட் வங்கி 1875இல் பினாங்கில் கிளை திறந்தது. எனினும் கடற்கரை வீதியில் இருந்த ஐரோப்பிய வங்கிகளுக்குத் தைப்பிங்கிலோ ஈப்போவிலோ உள்ள சிறு கடைக்காரரின் நாணயம் எத்தகையது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆகவே வங்கி செட்டியாருக்குக் கொடுத்தது. செட்டியார் கடைக்காரருக்குக் கொடுத்தார். இடையில் அவர் ஈட்டிய வட்டியில் ஒரு பங்கு, அவர் அறிந்திருந்த செய்திக்குக் கிடைத்த விலை என்றே கொள்ளத்தக்கது.

இடர்ப்பாடு இனித்தான் தொடங்குகிறது. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். தொழில் நடத்தும் மேலாள் ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருப்பார். இல்லாத ஒருவர் பெயரில் கடன் எழுதிப் பணத்தைத் தாமே வைத்துக்கொண்டால் அதைத் தடுப்பது எங்ஙனம்? இலண்டனில் இருந்துகொண்டு கல்கத்தாவை ஆள முயன்ற கிழக்கிந்தியக் கம்பெனியாரை நெடுங்காலம் வாட்டிய வினாவும் இதுவே. கம்பெனியார் விடை காண முடியாமற் பலமுறை இழப்புற்றனர். நகரத்தார் கண்ட விடை இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று ஏடு, மற்றொன்று ஆள் மாற்றம்.

ஏட்டில் தலையாயது ‘குறிப்பு’ எனப்படும் நாள்வழிப் புத்தகம். அன்றன்று நிகழ்ந்த பற்றும் வரவும் நிகழ்ந்த வரிசையிலேயே அதில் ஏறும். அங்கிருந்து ஒவ்வொருவர் பெயருக்கும் உரிய பக்கத்திற்கு எடுத்தெழுதப்படுவது பேரேடு. பெயர் வாரியான ஏடு ஆதலின் அப்பெயர் பெற்றது போலும். பேரேட்டுத் தொகைகளைத் திரட்டி, கொடுக்க வேண்டியதையும் வரவேண்டியதையும் எதிரெதிரே நிறுத்திச் சரிபார்ப்பது ஐந்தொகை. எடுத்துக்காட்டாக, ஒரு கடைக்காரர் ஐந்நூறு வெள்ளி கடன் பெற்றால் பெட்டியில் ஐந்நூறு குறையும்; அவர் கணக்கில் ஐந்நூறு பற்றாக ஏறும். ஒரே நிகழ்ச்சி இரண்டு இடத்தில் பதிவு பெறுகிறது. ஓரிடத்தில் பொய் எழுதினால் மற்றோர் இடத்திலும் அதற்கேற்பப் பொய் எழுதியாக வேண்டும். அப்பொய் மேலும் மேலும் கிளைத்துக் கடைசியில் ஐந்தொகையில் வந்து அகப்படும். வெனிஸ் நகர வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை லூக்கா பசியோலி 1494இல் அச்சேற்றினார் என்பதை ஐரோப்பியர் பெருமையுடன் கூறுவர். நகரத்தாரின் முறையும் இரட்டைப் பதிவே. ஆயினும் அது நூலாக எழுதப்படாமல், பெட்டியடியில் அமர்ந்து கைப்பழக்கமாகவே கற்கப்பட்டு வந்தது.

அக்கல்வி பற்றி ஆசிரியர்கள் அறிந்திருத்தல் தகும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்து, முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாய்ப் பின்னங்களை வாய்க்கணக்காகவே பெருக்கவும் கூட்டவும் பழகிய சிறுவன், பெட்டியடிப் பையனாகக் கப்பலேறுவான். ஏவிய பணிகளைச் செய்து, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகிப் பின்னர் மேலாளாவான். கல்லூரியில் கணக்கியல் பயின்றவர் எவரும் கிட்டங்கியில் இல்லை. எனினும் 1930இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவினர் நகரத்தாரின் தொழில்முறையையும் கணக்கையும் விரிவாக ஆராய்ந்து தம் அறிக்கையில் பதிந்துள்ளனர். அவர்தம் முதலீடு பர்மாவில் 75 கோடி ரூபாய் அளவில் இருந்ததென அன்று மதிப்பிட்டனர். இத்துணைப் பெரும்பணத்தைத் தாங்கி நின்றவை அச்சிறுவர் கற்ற வாய்க்கணக்கும் தாள் ஏடுகளுமே ஆகும்.

ஒவ்வொரு தொழிற்கும் ஒரு விலாசம் உண்டு. பாட்டன், தந்தை முதலியோர் பெயர்களின் தலையெழுத்துகளைச் சேர்த்து அமைப்பது அது. கணக்கேடு, உண்டி, கடிதம், நீதிமன்றப் பத்திரம் ஆகிய எல்லாவற்றிலும் அவ்வெழுத்துகளே நிற்கும். ஒரே பெயருடையோர் பலர் வாழ்ந்த ஊர்களில், எவருடைய பணம் என்ற ஐயம் எழாதவாறு காத்தது இவ்வேற்பாடே. இன்று கணினியில் ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்குவதும் இதன்பொருட்டேயாம்.

இரண்டாவது பகுதி ஆள் மாற்றம். மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கே அனுப்பப்பட்டார். தவணை முடியுமுன் புதியவர் வந்து சேர்வார். பழையவர் அவரைக் கடன்காரர் ஒவ்வொருவரிடமும் காட்டிக் கணக்கை ஒப்படைப்பார். இல்லாத கடன்காரரை எவராலும் காட்ட இயலாது. வராக் கடனை வருமென்று எழுதி வைத்திருந்தால், அதனைத் தம் தலையில் ஏற்றுக்கொள்ளப் புதியவர் இசைய மாட்டார். இங்ஙனம் மூன்றாண்டுக்கு ஒருமுறை, தனிச் செலவின்றி முழுத் தணிக்கை நடந்தேறியது. இதற்கிடையே கடிதமும் கணக்கு நகலும் நாகப்பட்டினம் செல்லும் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டபின், அவசரச் செய்தி ஒரே நாளில் கரை சேர வழி பிறந்தது. ஆயினும் தந்தி ஏட்டின் இடத்தைப் பிடிக்கவில்லை. விரைவு வேறு, சான்று வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கிட்டங்கியின் கட்டட அமைப்பையும் இங்கே கருத வேண்டும். அது நீண்ட ஒரே கூடம். இருபுறச் சுவரையும் ஒட்டிப் பல விலாசத்தாரின் பெட்டிகள் வரிசையாக இருக்கும். நடுவே தட்டி கிடையாது. எவரிடம் எவர் வந்து அமர்ந்தார், முகம் வாடித் திரும்பினார் என்பது கூடம் முழுதும் தெரியும். ஓரிடத்தில் தவணை தவறியவர் அடுத்த பெட்டியில் புதுக்கடன் கேட்பது அரிது. வட்டியும் மறைவானதன்று. இரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலிற் கூடித் தங்களுக்குள் வழங்கும் நடப்பு வட்டியை நிருணயித்தனர். ஏடு முதலாளிக்கு உரைத்தது. கூடமோ சமூகத்திற்கு உரைத்தது. இவ்விரண்டில் எது பெரிதும் பயன்பட்டது என்று கேட்டால், கூடமே என்று சொல்லத் தோன்றுகிறது. ஏடு நேற்று நடந்ததைக் கூறும். நாளை நடக்கப் போவதன் சாயல் கூடத்திலேதான் முதலில் தென்படும்.

இவ்வளவு சீரான முறையும் ஓரிடத்தில் கண் இழந்து நின்றது. அதனை மறைத்துப் புகழ்வது வரலாறு ஆகாது. 1925இல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ஒரு ராத்தல் ரப்பர், 1932இல் ஐந்து காசு அளவிற்கு வீழ்ந்தது. கடன்காரர் ஒருவரும் ஏமாற்றவில்லை. மேலாள் ஒருவரும் பொய் எழுதவில்லை. ஐந்தொகையும் காசு பிசகாமல் நேர்ப்பட்டது. ஆயினும் அதில் வரவேண்டிய தொகை என்று எழுதியிருந்தவற்றுட் பல வரவே இல்லை. ஈடாக வைத்த தோட்டங்கள் செட்டியார் கைக்கு வந்தன; அவர்கள் விரும்பியதோ பணம், தோட்டமன்று. இந்நிலைமை மலாய்க்காரர் நிலம் பற்றிய அச்சத்தையும் பெருக்கிற்று. 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்திற்கு மாற்றாக 1933இல் கடுமையான புதுச் சட்டம் பிறந்தது. ஏட்டில் ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியே இருந்தது. அவ்வளவு பேரும் ஒரே மரத்தின் பாலை நம்பி வாழ்கின்றனர் என்னும் செய்திக்கு எந்த ஏட்டிலும் பக்கம் இல்லை. ஆளைப் பற்றிய அறிவு பழுதற்றிருந்தது. சந்தையைப் பற்றிய அறிவு இல்லாதிருந்தது. 1951இல் இலண்டனில் லயன்ஸ் என்னும் தேநீர்க்கடைக் கம்பெனியார் வாணிகத்திற்கென முதன்முதல் கணினி அமைத்தபோதும், அதற்கு இட்ட பணி தங்கள் ரொட்டிச் சாலையின் கணக்கே. 1972இல் இன்டெல் தொழிற்சாலை பாயான் லெப்பாசுக்கு வந்தபின், சில்லுகள் செய்யும் தீவாகப் பினாங்கு மாறிய வரலாறு தனியே எழுதத்தக்கது. எதைக் கேட்பது என்று மனிதன் வகுக்காததை எந்தச் சில்லும் தானே வந்து சொல்வதில்லை என்ற அளவில், இரண்டு வரலாறும் ஒன்றே.

இரண்டாம் சோதனை போரால் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசின. அம்மாதம் 19ஆம் நாள் தீவு அவர்கள் வசமாயிற்று. கப்பல் நின்றது, தந்தி அறுந்தது. மூன்றாண்டுத் தவணை முடிந்த மேலாள் ஊர் திரும்ப வழியில்லை. அவரை மாற்றுவார் வரவும் வழியில்லை. முதலாளிக்குத் தம் பணம் உள்ளதா, ஆள் உயிரோடு உள்ளாரா என்பதே தெரியாது. பழைய கடனைச் சிலர் வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியத் தாளிலே திருப்பிச் செலுத்தினர். அதனை வாங்க மறுப்பது ஆபத்து, வாங்குவதோ இழப்பு. இந்நிலையிலும் குறிப்பு எழுதப்பட்டு வந்த இடங்களில் அதன் பயன் பின்னரே விளங்கிற்று. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியபோது அத்தாள் மதிப்பற்றதாயிற்று. அத்தாளில் செலுத்தியவற்றிற்கு என்ன மதிப்பு என்ற வழக்குகளைத் தீர்க்க, 1948இல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. காலம் செல்லச் செல்ல ஜப்பானியத் தாளின் மதிப்பைக் குறைத்துக் காட்டும் அட்டவணை அச்சட்டத்தில் இருந்தது. ஆகவே தொகை எவ்வளவு என்பதைக் காட்டிலும் எந்த மாதத்தில் வந்தது என்பதே பெருவினாவாயிற்று. அதற்கு விடை கூற வல்லது, நிகழ்ந்த வரிசையில் இடைவெளி விடாமல் எழுதிய நாள்வழிப் புத்தகம் ஒன்றே.

1947இல் இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டமும், 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழிற் சட்டமும் அரசாங்கத்தையும் இவ்வேடுகளின் வாசகராக்கின. அதுவரை பெட்டிக்கும் முதலாளிக்கும் இடையே மட்டும் நிகழ்ந்த உரையாடலில் மூன்றாமவர் ஒருவர் நுழைந்தார். அவருக்காக உரிமம், முத்திரை, அச்சிட்ட படிவம் முதலியன வந்தன. ஊரிலிருந்து பெட்டியடிப் பையன்கள் வருவதும் நின்றது. கிட்டங்கிகள் பல மூடப்பட்டன. தைப்பூச நாளில் வெள்ளித்தேர் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் வழக்கம் தொடர்கிறது. ஆனால், அத்தேரைச் செய்வித்தவர்களின் தொழிலை நடத்திய ஏடுகளோ, குடும்பம் குடும்பமாகச் சிதறின; கீழ்வாய்ப் பின்னத்தையும் பழைய தமிழ் எண்ணையும் படிக்கவல்லவர் குறையக் குறைய, வீட்டார்க்கே அவை வாயடைத்த ஏடுகளாயின.