செடிக்கும் உண்டு வவுச்சர்

பி.காம் படிக்கிற பெண்ணுக்கும் தாவரவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரே சம்பந்தம்தான். ஹாஸ்டலில் என் ரூம்மேட் பாட்டனி. அவள் கட்டிலுக்குக் கீழே செடி, மெத்தைக்குக் கீழே செடி, என் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குக் கீழேயும் செடி (வெயிட் வைக்க அதுதான் வசதியாம்!). காலையில் பேப்பர் படிக்கலாம் என்று கையை நீட்டினால், "ஏய், அதைத் தொடாதடி, உள்ள செடி காயுது" என்று ஒரு கத்தல். பிரித்துப் பார்த்தால் சினிமா விமர்சனத்தின் மேல் ஒரு ஆவாரம்பூ அப்பளமாகக் கிடக்கும்.

ஒருநாள் அவள், "இதுக்கு இன்னும் வவுச்சர் நம்பர் போடல" என்று முணுமுணுத்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வவுச்சரா? அது எங்கள் வார்த்தையாயிற்றே! வவுச்சர் இல்லாமல் கணக்கில் ஒரு வரி எழுதக்கூடாது என்பது எங்களுக்கு முதல் வருடப் பாடம். அவர்களுக்கும் அதே கதைதானாம். "இந்த மலையில் இந்தச் செடி இருக்கிறது" என்று ஒருவர் எழுதினால், அதற்கு ஆதாரமாக உலர்த்திய செடி ஒன்று எங்காவது ஒரு ஹெர்பேரியத்தின் பீரோவில் இருக்க வேண்டும். அதுதான் வவுச்சர். எண், தேதி, ஊர், எவ்வளவு உயரத்தில் கிடைத்தது, பூவின் நிறம் (காய்ந்தால் நிறம் போய்விடும், அதனால் பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும்), சேகரித்தவர் பெயர் எல்லாம் லேபிளில் இருக்கும்.

கார்பன் காப்பிகூட உண்டு. ஒரே செடியிலிருந்து நாலைந்து கிளை எடுத்து வேறு வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவார்கள். 1943 மார்ச்சில் பெர்லின் ஹெர்பேரியம் குண்டுவீச்சில் எரிந்தபோது, வேறு ஊர்களுக்குப் போயிருந்த நகல்கள்தான் பல செடிகளுக்கு மிச்சமான சாட்சி.

சரி, நம்ம ஊர் கதைக்கு வருவோம். நம் பக்கத்துச் செடிகளின் பெரிய பேரேடு கேம்பிள் எழுதியது. வனத்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து போனவர். சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றிய அவர் நூல் 1915 முதல் பகுதி பகுதியாக வந்தது. 1925இல் அவர் இறந்துவிட, ஃபிஷர் என்ற இன்னொரு வனத்துறைக்காரர் மீதியை எழுதி 1936இல் முடித்தார். இதில் தர்மபுரியைத் தேடினால் மாவட்டமாகக் கிடைக்காது. நாம் அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. 1965 அக்டோபர் 2இல்தான் தனி மாவட்டம் ஆனோம்.

அந்த நூல் பெரும்பாலும் பழைய வவுச்சர்களை இங்கிலாந்தில் உட்கார்ந்து சரிபார்த்து எழுதியது. ஆடிட்டர் வேலை மாதிரி. அதற்குப் பிறகு இந்த மலைகளுக்குத் திரும்ப ஏறி, புதிதாகச் சேகரித்து எழுதிய பெரிய வேலை எங்கே நடந்தது தெரியுமா? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில்! கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ராபினாட் என்ற பிரெஞ்சு பாதிரியாரின் பெயரில் 1967இல் அங்கே ஒரு ஹெர்பேரியம் உருவானது. கே.எம்.மேத்யூ (1930-2004) என்ற இயேசு சபைப் பாதிரியார் அதை வைத்துக்கொண்டு மாணவர்களோடு மலை மலையாக ஏறினார். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், நம்ம சித்தேரி. பழனி மலை மாதிரி பெயர் பெற்ற பச்சைக் காடுகள் இல்லை இவை. பல இடங்களில் முள்ளும் பாறையும்தான். அதனாலேயே முன்பு அவ்வளவாக யாரும் சீந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பலன், 1981 முதல் 1988 வரை வந்த 'தி ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்னாடிக்' வரிசை. (சங்கீதம் இல்லைங்க! தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ள இந்தப் பகுதிக்கு அந்தக் காலப் பெயர் அது.) வெளியிட்டதும் அந்த ஹெர்பேரியமேதான். ஒரு கல்லூரித் துறை, தானே காடு ஏறி, தானே படம் வரைவித்து, தானே வெளியிட்டிருக்கிறது. என் ரூம்மேட் கையில் எப்போதும் இருக்கும் மாணவர் கையேடும் மேத்யூ எழுதியதுதான், 1991இல் வந்தது. அதன் அட்டை போய் மூன்று முறை ஒட்டியாகிவிட்டது.

இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டதோடு நின்றிருக்கும். ஆனால் ஜனவரியில் அவர்கள் துறை சித்தேரிக்கு ஃபீல்டு டிரிப் கிளம்பியது. கணக்கு எழுத ஆள் இல்லை. "பி.காம் பொண்ணு சும்மாதானே இருக்கு" என்று மேடம் என்னையும் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

டிரிப் என்றால் அந்தாக்ஷரிதான் என்று நினைத்திருந்தேன். அரூர் தாண்டும்வரை அப்படித்தான் இருந்தது. அதற்கு மேல் வேறு உலகம். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் மரமேறி. முதல் ரேங்க் பெண் அட்டைப்பூச்சி என்று வதந்தி கிளம்பியதுமே வேனுக்குள் ஓடிவிட்டாள். மேடம் கேன்டீனில் யாருடனும் பேசாதவர், இங்கே எல்லோருக்கும் தக்காளி சாதம் பரிமாறினார். இரவு எட்டு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து ஈரப் பேப்பரை மாற்றிக் காய்ந்த பேப்பர் வைக்க வேண்டும், தினமும். மாற்றாவிட்டால் பூஞ்சை. காதல், சண்டை, அரியர் வரலாறு எல்லாம் வெளியே வருவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். என் கேஷ் புக்கில் முதல் செலவு என்ன தெரியுமா? "பழைய பேப்பர், 10 கிலோ". பழைய பேப்பர் கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். எல்லோரும் விற்க வரும் கடையில் வாங்க வந்த கூட்டம்!

வழிகாட்ட அந்த மலையிலேயே பிறந்த ஒரு தாத்தா வந்தார். புத்தகத்தை வைத்து மரத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பூ வேண்டும். தாத்தாவுக்குப் பூவும் வேண்டாம், இலையும் வேண்டாம். பட்டையை நகத்தால் கீறி மோந்து பார்த்து, "இது தான்றி, அது கடுக்காய் பாப்பா" என்று போய்க்கொண்டே இருப்பார். இவர்கள் பின்னால் ஓடி ஓடி எழுதுவார்கள். காயோடு இருந்த கடுக்காய்க் கிளையை வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். லேபிளில் சேகரித்தவர் என்ற இடத்தில் என் ரூம்மேட் பெயர்.

ராத்திரி அவளிடம் கேட்டேன். "எங்க வவுச்சர்ல பணம் வாங்கினவர் கையெழுத்து இல்லன்னா செல்லாதுடி. உங்களது எப்படிச் செல்லுது?" அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கோவிந்து கதையைச் சொன்னாள்.

ராபர்ட் வைட் என்று ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். 1819இல் கம்பெனி வேலைக்குச் சென்னை வந்து, தென்னிந்தியச் செடிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ஒரு நூலில் மட்டும் 2101 படங்கள். அவருக்காக வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ருங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். வைட் அவர்கள் பெயரை மறைக்கவில்லை. 1853இல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். பெரிய மனசுதான். ஆனால் அதே செடி வகைக்கு ட்ரோபிடியா என்று முன்பே ஒரு பெயர் இருந்தது. முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை என்பது தாவரவியல் விதி. கோவிந்து அடிக்குறிப்புக்குப் போய்விட்டார். ஹென்றி நோல்டி என்பவர் 2007இல் இந்த ஓவியர்களைப் பற்றியும் சேர்த்து மூன்று தொகுதி வெளியிட்ட பிறகுதான் திரும்பப் பேச்சே வந்தது.

"பேர் வச்சாலே நிக்க மாட்டேங்குது, வைக்கலன்னா?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஃபீல்டு நோட்டை எடுத்து, கடுக்காய் எண்ணுக்கு நேரே தாத்தா பெயரை எழுதி, "காட்டியவர்" என்று போட்டாள். லேபிளில் எழுத இடம் இல்லை. மேடமிடம் கேட்டதற்கு, லேபிளுக்கு ஒரு ஃபார்மேட் இருக்கிறதே என்றார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, ஃபார்மேட் அவர்கள் போட்டதில்லையே.

திரும்பும்போது தாத்தாவுக்கு மூன்று நாள் கூலி கொடுத்தேன். என் வவுச்சரில் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடுக்காய்க் கிளை இப்போது அட்டையில் தைக்கப்பட்டு, துறை பீரோவில், நாப்தலீன் வாசனையோடு பத்திரமாக இருக்கிறது. பூச்சி வராமல் பார்த்துக்கொண்டால் நூறு வருடம் தாங்குமாம். என் வவுச்சர் ஃபைல் ஆபீஸில் இருக்கிறது. ஆடிட் முடிந்து சில வருடம் வைத்திருப்பார்கள். பிறகு கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகும்.