நேர்முகப் பரீட்சைக்கு மாற்றாக லெகோ

கண்ணைப் பார்த்துக் கதைக்காதவருக்கு வேலை தெரியாது என்று எத்தனை நேர்முகப் பரீட்சைகள் தீர்ப்பெழுதியிருக்கும்? டென்மார்க்கைச் சேர்ந்த தோர்கில் சோனே, ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. 2004இல் அவர் 'ஸ்பெஷலிஸ்டெர்ன' நிறுவனத்தைத் தொடங்கினார். ஓட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் பரிசோதனை வேலைக்கு எடுத்தார். கேள்வி கேட்டு மடக்காமல், லெகோ ரோபோக்களைச் செய்யக் கொடுத்து அவர்களின் திறமையைப் பார்த்தார்கள். 2013இல் ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனமும் இவர்களோடு கைகோர்த்து ஆட்களை எடுக்கத் தொடங்கியது. பரீட்சையை மாற்றியதும் வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு நெருடல் இருக்கு. கணினியில் கெட்டிக்காரராக இருந்தால்தான் கதவு திறக்குமா? சத்தம் குறைந்த இடமும் தெளிவாக எழுதித் தரும் அறிவுறுத்தலும் சாதாரணத் திறமை உள்ளவருக்கும் வேணும். வேலை செய்யும் உரிமை, அபூர்வத் திறமைக்குக் கொடுக்கும் பரிசு இல்லையே!