ஒற்றை டிக்கெட் ஊர்

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் சிங்கப்பூர் என்றால் மூன்று வருசம் என்று அர்த்தம். வட்டிக்கடைக்கு ஆளாகப் போகிறவர் மனைவியை ஊரில் விட்டுத்தான் கப்பலேறுவார். கணக்கு முடித்துத் திரும்பிய பிறகுதான் குடித்தனம். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் கணக்கு எழுத ஒரு பெட்டி, படுக்கக் கொஞ்சம் இடம், சமையல்காரர் போடும் சாப்பாடு. 1859-ல் டேங்க் ரோட்டில் அவர்கள் எழுப்பிய கோயிலும் தண்டாயுதபாணிக்கு. பழனி மீதுள்ள பக்தி அது என்பது தெரிந்ததே. ஆனாலும் வள்ளி தெய்வானையைக் கூட்டி வராத முருகன், கும்பிட வந்தவர்களுக்கு நன்றாகவே பொருந்தினார்.

கீழக்கரை, நாகூர்ப் பக்கமும் இதே கதைதான்; இப்படிக் கடல் கடந்து போனவருக்கு அங்கே சபுராளி என்று பெயர்.

சீனர்கள் கதையும் வேறில்லை. தீவின் வடமேற்கில் இருக்கும் சுவா சூ காங்கின் பெயரைப் பிரித்தால், ‘சுவா’ ஒரு குலப்பெயர், ‘சூ’ வீடு, ‘காங்’ ஆற்றுத்துறை. 19ஆம் நூற்றாண்டில் தியோச்சூக்காரர்கள் அங்கே காட்டை அழித்துக் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். காம்பியர் வேறொன்றுமில்லை, வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டிக்கு உறவுக்காரன்; தோல் பதனிடவும் சாயம் போடவும் ஐரோப்பா அதைக் கேட்டது. இலையைக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டுச் சாற்றை இறுக வைத்துக் கட்டியாக்குவார்கள். வெந்த சக்கை மிளகுக்கொடிக்கு எரு. அடுப்புக்கு விறகு, விறகுக்குக் காடு. காடு தீர்ந்து மண்ணும் சத்திழந்ததும் அடுத்த இடம், கடைசியில் ஜொகூர். இதையெல்லாம் செய்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். இருட்டினால் புலி பயம், கையில் காசிருந்தால் அபினும் சூதாட்டமும்.

1926-ல் ‘ரஜூலா’ கப்பல் வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். மேல்தளத்தில் பாய் விரித்தவர்கள் ஆயிரக்கணக்கில். பிற்காலத்தில் மனைவி மக்களும் ஏறினார்கள், ஆனால் குடியேறத்தான். ஊர் சுற்ற யார் ஏறினார்கள்? திரும்புகிற பெட்டிகளில் துணிமணிக்கு நடுவே கோடாலித் தைலம் மணத்தது.

ஜோடியாகப் போகலாம் என்ற ஆசையைக் கிளப்பியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1973-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ சிங்கப்பூரையும் தன் சுற்றில் சேர்த்துக்கொண்டது. சுஜாதாவின் கதையிலிருந்து 1978-ல் ‘பிரியா’ வந்தது. அடுத்த ஆண்டு பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’. அந்தப் படத்தில் நாயகி கடைசியில் இறந்துபோகிறாள். கொட்டகையை விட்டு வந்தவர்கள் அழுததை மறந்து, ஊரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. 1981-ல் சாங்கி விமான நிலையம் திறந்தது. ஒரு வாரக் கடல், நாலு மணி நேர வானமாகச் சுருங்கியிருந்தது. வெயிலிலும் புழுக்கத்திலும் சென்னைக்குச் சளைக்காத ஊர்தான். தேனிலவுக்குக் குளிர் வேண்டும் என்ற ஊட்டி, கொடைக்கானல் கணக்கு இங்கே செல்லவில்லை.

சுவா சூ காங்குக்கு 1990 மார்ச்சில் ரயில் வந்தது. தோட்டங்களும் கம்பம் என்று அங்கே சொல்லும் கிராமங்களும் இருந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று ஜோடியாக எழுதிக் கொடுத்தால் வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தனியாள் பொதுவாக 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். காம்பியர் காய்ச்சிய வாலிபர்கள் இன்று வந்தால் கதவு திறக்காது.

அந்த வீடுகளில் சித்தப்பாவோ அத்தையோ இருந்தால், ஊரிலிருந்து வரும் புது ஜோடிக்கு ஓட்டல் செலவு மிச்சம். புக்கிட் பாஞ்சாங்கில் மாறினால் 2015 டிசம்பரில் திறந்த ரயில் பாதையில் நேரே லிட்டில் இந்தியா. அங்கே தேக்கா சந்தையில் சாப்பிட்டுவிட்டு முஸ்தபா கடைக்கு நடக்கிறார்கள். மாமியார் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதல் வரி, கோடாலித் தைலம், ஆறு பாட்டில்.